பதினேழும் பதினேழும்: பார்க்லாந்து வழக்கும் ஒரு 33 நிமிடப் படமும்

அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த துப்பாக்கிச்சூடுகளைப் பற்றிய ஆவணப்படங்களை வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலானவை இரண்டு பாதைகளில் போவது தெரியும். சில, அந்த நாளை நிமிடம் நிமிடமாகத் திரும்ப ஓட்டிக் காட்டும். மற்றவை இறந்த பிள்ளையின் பெற்றோரைப் பேசவைக்கும். கிம் ஏ. ஸ்னைடர் இயக்கி 2024-இல் வந்த 'டெத் பை நம்பர்ஸ்' இரண்டிலும் சேரவில்லை. 33 நிமிடப் படம். அது போய் நிற்கும் இடம் நீதிமன்றம். நடுவில் இருப்பவர் சாம் ஃபுவெண்டெஸ். 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடா மாநிலத்தின் பார்க்லாந்தில், மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் சுடப்பட்டுப் பிழைத்தவர். படத்தின் எழுத்தும் அவருடையதுதான். அவருடைய நாட்குறிப்பே படத்தின் குரல். நான்கு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, தன்னைச் சுட்டவன் எதிரே நின்று பேச அவர் தயாராவதுதான் கதை.

இதை ஒரு வழக்கு ஆய்வாக எழுத நினைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வழக்கின் சட்டச் சிக்கலை 33 நிமிடத்தில் விளக்க முடியாது. விளக்க ஆரம்பித்தால் அது வேறு படமாகிவிடும். ஆனால் அந்தச் சிக்கல் தெரிந்தவர்களுக்கு இந்தப் படம் வேறு மாதிரி தெரியும். சுடப்பட்டுச் சாகாமல் போனவர் சட்டத்தின் முன் யார், அவருக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது. செய்தித்தாள் தலைப்பில் எப்போதும் இறந்தவர்கள் எண்ணிக்கைதான் வரும். பார்க்லாந்து என்றால் 17. காயம்பட்டவர்களும் 17 பேர்தான் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

1214-ஆம் அறை

பார்க்லாந்து பள்ளியில் அப்போது மூவாயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் படித்தார்கள். 12-ஆம் எண் கட்டடம் மூன்று தளங்கள் கொண்டது. முன்பு அதே பள்ளியில் படித்த 19 வயது இளைஞன் ஊபர் காரில் வந்து இறங்கி, மதியம் 2:21-க்குக் கிழக்குப் பக்கப் படிக்கட்டு வழியாக உள்ளே நுழைந்தான். கையில் சட்டப்படி கடையில் வாங்கிய ஏஆர்-15 வகைத் துப்பாக்கி. அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பார்க்லாந்து குடும்பங்களில் பலர் கேட்டுக்கொண்டது அது. பெயர் தெரியாவிட்டால் இந்த ஆய்வுக்குக் குறையும் ஒன்றுமில்லை.

தரைத்தளத்தில் 1214-ஆம் அறையில் ஹோலோகாஸ்ட் வரலாறு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசிரியை ஐவி ஷாமிஸ். நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று ஃபுளோரிடா 1994-லேயே சட்டம் போட்டிருக்கிறது. அன்று பேச்சு 1936 பெர்லின் ஒலிம்பிக் பக்கம் போயிருந்தது. ஜெஸ்ஸி ஓவன்ஸுக்குக் காலணி கொடுத்த ஜெர்மானியர் யார் என்ற கேள்விக்கு ஒரு மாணவர் அடி டாஸ்லர் என்று சரியாகச் சொன்னார். அடிடாஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். பதில் சொன்ன மாணவர் நீச்சல் வீரர். கொஞ்ச நேரத்தில் அவர் உயிரோடு இல்லை.

சுட்டவன் எந்த வகுப்பறைக்குள்ளும் நுழையவில்லை. கதவில் இருந்த குறுகலான கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான், சுட்டான், அடுத்த கதவுக்குப் போனான். 1214-இல் இருவர் இறந்தார்கள், நால்வர் காயம்பட்டார்கள். இறந்த இன்னொருவர் ஒரு மாணவி. புத்தகத்தை எடுத்து முன்னால் பிடித்துக்கொள் என்று பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னவர் அவர். தோழிக்குக் கிடைத்தது மெல்லிய புத்தகம். அவர் காயத்தோடு பிழைத்தார்.

தரைத்தளத்தில் மட்டும் 24 பேர் மேல் குண்டு பாய்ந்தது. அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. துப்பாக்கியின் அதிர்வில் கூரைப் பலகைகளிலிருந்து தூசி கொட்ட, அதைப் புகை என்று எடுத்துக்கொண்டு தீ எச்சரிக்கை மணி அலறியது. மேல்தளத்தில் இருந்தவர்கள் தீ விபத்து என்று நினைத்து வராந்தாவுக்கு வந்தார்கள். அங்கே ஆறு பேர் இறந்தார்கள். நடுத்தளத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் அங்கேயும் அறைகளை நோக்கிச் சுட்டான், ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்தால் யாரும் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் ஒதுங்கியிருந்தார்கள், சில கதவுகளில் கண்ணாடியைக் காகிதம் வைத்து மறைத்திருந்தார்கள்.

பிறகு மாநில அரசு அமைத்த விசாரணைக் குழு இதைத் தோண்டித் துருவிப் பார்த்தது. கதவுக் கண்ணாடியிலிருந்து பார்வை எட்டாத மூலை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். ஆபத்து என்றால் அங்கே போய் ஒடுங்க வேண்டும். அந்த மூலையைத் தரையில் குறித்து வைத்திருந்த ஆசிரியர்கள் முழுக் கட்டடத்திலும் இரண்டே பேர். மற்ற அறைகள் பலவற்றில் அந்த இடத்தை மேசையும் அலமாரியும் அடைத்துக்கொண்டிருந்தன. வகுப்பறைக்குள் குண்டு பட்டவர்கள் எல்லாரும் கண்ணாடிக்கு நேர் பார்வையில் இருந்தவர்கள். யார் பிழைத்தார்கள் என்பதைத் தைரியமோ சமயோசிதமோ தீர்மானிக்கவில்லை. மேசை எங்கே போட்டிருந்தது என்பதுதான் பாதி தீர்மானித்தது. பிழைத்தவர்கள் பலரைப் பிடித்தாட்டும் 'நான் மட்டும் ஏன்' என்ற கேள்விக்கு இதைவிட அர்த்தமற்ற பதில் இருக்க முடியாது. அர்த்தமற்ற பதில் என்பதால்தான் கேள்வி விடமாட்டேன் என்கிறது.

ஃபுவெண்டெஸுக்குக் கால்களில் காயம். முகத்தில் தோட்டாச் சில்லுகள். கண்ணுக்குப் பின்னால் ஒரு சில்லு தங்கிவிட்டது. எடுப்பது விடுவதைவிட ஆபத்து என்றால் மருத்துவர்கள் சில்லை உள்ளேயே விட்டுவிடுவது வழக்கம். ஏஆர்-15 தோட்டா வினாடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டா மாதிரி நேர்கோட்டில் துளை போட்டுவிட்டுப் போகாமல், போகும் வழியெல்லாம் சுற்றியுள்ள திசுவையும் சிதைக்கிறது. பார்க்லாந்தில் அடிபட்டவர்களின் ஸ்கேனைப் பார்த்த கதிரியக்க மருத்துவர் ஒருவர் சில நாட்களிலேயே பத்திரிகையில் இதை விளக்கி எழுதினார். 'பிழைத்தார்' என்று நாம் ஒரு சொல்லில் முடிப்பது அறுவை சிகிச்சை, வலி, நடைப்பயிற்சி, தூக்கமின்மை என்று வருடக்கணக்கில் நீளும்.

மேடை

படத்துக்கு முன்பே ஃபுவெண்டெஸை உலகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2018 மார்ச் 24, வாஷிங்டன். துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டுப் பார்க்லாந்து மாணவர்கள் முன்னின்று நடத்திய பேரணி. சுடப்பட்டு ஐந்தரை வாரம்தான் ஆகியிருந்தது. லட்சக்கணக்கான கூட்டத்துக்கு முன்னால் தான் எழுதிய கவிதையை வாசித்துக்கொண்டிருந்தவருக்குக் குமட்டியது. மேடையிலேயே குனிந்து வாந்தி எடுத்தார். நிமிர்ந்து, உலகத் தொலைக்காட்சியில் வாந்தி எடுத்துவிட்டேன், பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அப்புறம் கூட்டம் முழுவதையும் பிறந்தநாள் பாட்டுப் பாடவைத்தார். வகுப்பில் அடி டாஸ்லர் என்று பதில் சொன்ன அந்த நீச்சல் வீரருக்கு அன்றுதான் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இந்தக் காட்சி ஊடகத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. பயத்தை வென்ற பெண், அஞ்சாத தலைமுறை என்று எழுதித் தள்ளினார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. வாந்தி எடுத்தது உடம்பு. அதைப் பார்த்தவர்கள் எழுதியது வீரத்தைப் பற்றி. ஐந்தரை வாரம் முன்பு சுடப்பட்ட பதின்ம வயதுப் பெண் மேடையில் நிற்க முடியாமல் தவித்ததை, அவர் நின்றுவிட்டார் என்று மட்டும் படித்துக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்து, 2019 மார்ச்சில், அந்தப் பள்ளியில் படித்துப் பிழைத்த இருவர் ஒரு வார இடைவெளியில் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் 'அஞ்சாத தலைமுறை' என்ற பேச்சு கொஞ்சம் அடங்கியது.

மாணவர்களின் போராட்டத்துக்குப் பலன் இல்லாமல் இல்லை. துப்பாக்கிச்சூடு நடந்து மூன்றே வாரத்தில், 2018 மார்ச் 9 அன்று, துப்பாக்கிப் பிரியர்களின் மாநிலம் என்று பெயரெடுத்த ஃபுளோரிடா துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கியது. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் அவரிடமிருந்து ஆயுதத்தை எடுத்துவைக்கவும் வழி செய்தது. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கு ஜனவரி 5 அன்றே அவனைப் பற்றித் தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும் அது உள்ளூர் அலுவலகத்துக்கே போகவில்லை என்பது வெளியே வந்தது. இழப்பீட்டு வழக்குகள், சமரசத் தொகைகள், சுடும்போது உள்ளே போகாமல் வெளியே நின்ற பள்ளிக் காவலர்மீது வழக்கு, 2023-இல் அவர் விடுதலை. இதெல்லாம் தனித்தனிக் கதைகள்.

ஸ்னைடருக்கு இந்தப் பொருள் புதிதல்ல. சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிந்தைய நியூடவுன் ஊரைப் பற்றி 2016-இலும், அங்குள்ள பாதிரியாருக்கும் அதேபோல் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்த ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பாதிரியாருக்கும் நடந்த கடிதப் பரிமாற்றத்தைப் பற்றி 2018-இலும், பார்க்லாந்து மாணவர் இயக்கத்தைப் பற்றி 2020-இலும் படம் எடுத்தவர். அந்தக் கடைசிப் படத்தில் ஃபுவெண்டெஸும் உண்டு. ஆகவே 'டெத் பை நம்பர்ஸ்' எங்கிருந்தோ வந்திறங்கி நேர்காணல் எடுத்த படமில்லை. வருடக்கணக்கில் பழகியவரிடம் பேனாவைக் கொடுத்த படம். இந்தப் படத்தின் நேர்மை முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

வழக்கு

யார் சுட்டது என்பதில் சந்தேகமே கிடையாது. சுட்ட அன்றே பிடிபட்டான், ஒப்புக்கொண்டான். கேமராப் பதிவுகள் உண்டு. துப்பாக்கிச்சூடு நடந்த சில நாட்களிலேயே அவன் தரப்பு வழக்கறிஞர்கள், மரண தண்டனை கேட்காவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாகும்வரை சிறையில் இருக்கத் தயார் என்று சொன்னார்கள். அரசுத் தரப்பு ஏற்கவில்லை. மரண தண்டனையே கேட்டது. அதன் பிறகு கொரோனாவும் சேர்ந்து வழக்கு இழுத்தது. 2021 அக்டோபரில் அவன் 17 கொலை, 17 கொலை முயற்சி ஆகிய எல்லாக் குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டான். மிச்சம் இருந்தது ஒரே கேள்வி: மரணமா, ஆயுளா?

அதை முடிவு செய்யப் பொதுமக்களிலிருந்து எடுக்கும் 12 பேர் கொண்ட ஜூரி. 2022 ஏப்ரலில் ஆள் தேர்வு தொடங்கியது. மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பார்க்லாந்தில் ஜூரி தேர்வு நடந்துகொண்டே இருந்தது. விசாரணை ஜூலை 18 அன்று தொடங்கியது.

இனிமேல்தான் காயம்பட்டவரின் நிலை விசித்திரமாகிறது. ஜூரி முறைக்குப் பழகாத நமக்கு இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மரண தண்டனை கேட்க முடிந்தது 17 கொலைகளுக்கு மட்டும்தான். கொலை முயற்சிக்கு அது கிடையாது. ஆகவே ஜூரியின் மேசையில் இருந்த தீர்ப்புத் தாள்கள் இறந்த 17 பேருக்கானவை. காயம்பட்ட 17 பேருக்குத் தாளே இல்லை. ஆனாலும் அவர்கள் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள், எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், எங்கே பட்டது, தழும்பு எங்கே என்று கேட்கப்பட்டது. ஃபுளோரிடா சட்டப்படி மரண தண்டனைக்குக் குற்றத்தின் கொடுமையைக் கூட்டும் காரணிகளை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஒன்று, பலரின் உயிருக்குத் தெரிந்தே பெரும் ஆபத்தை உண்டாக்கியது. உயிரோடு வந்து நிற்கும் காயம்பட்டவர்களைவிட அதற்கு நல்ல ஆதாரம் எது? இறந்தவர்களுக்கான தராசுத் தட்டில் வைக்கும் எடைக்கல்லாக அவர்கள் வந்துபோனார்கள். அவனுக்கு என்ன தண்டனை வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, ஜூரி முன்னால் சாட்சி அதைச் சொல்வது சட்டத்துக்குப் புறம்பு.

ஆகஸ்ட் 4 அன்று ஜூரியை 12-ஆம் கட்டடத்துக்கே அழைத்துப்போனார்கள். வழக்குக்காகவே நான்கரை வருடமாக வேலி போட்டுப் பூட்டி வைத்திருந்த கட்டடம். ஊரில் பிள்ளைகள் தினமும் அதைக் கடந்துதான் மற்ற கட்டடங்களுக்குப் போனார்கள். ஜூரிக்குப் பிறகு சில நிருபர்களை உள்ளே விட்டார்கள். காதலர் தினத்துக்காகக் கொண்டுவந்த பூக்கள் காய்ந்து கிடந்தன, கண்ணாடித் தூள் காலடியில் நொறுங்கியது, தரையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது என்று அவர்கள் எழுதினார்கள். ஐவி ஷாமிஸின் அறையில் குண்டு துளைத்த புத்தக அலமாரியின்மேல், ஹோலோகாஸ்ட் பற்றிய ஒரு புத்தகம் ரத்தக் கறையோடு இருந்தது.

அவன் தரப்பு வாதம், தாயின் வயிற்றில் இருக்கும்போதே மதுவால் மூளை பாதிக்கப்பட்டவன் என்பது. பெற்ற தாயின் குடிப்பழக்கம், தத்தெடுத்தவர்களின் வீட்டு நிலைமை, சின்ன வயதிலிருந்தே தெரிந்த கோளாறுகள் எல்லாம் பேசப்பட்டன. அக்டோபர் 13 அன்று தீர்ப்பு. ஒவ்வொரு இறந்தவர் பெயராக வாசிக்க வேண்டும். கொடுமையைக் கூட்டும் காரணிகள் நிரூபிக்கப்பட்டனவா? ஆம். அவை தணிக்கும் காரணங்களை மிஞ்சுகின்றனவா? இல்லை. முதல் பெயரிலேயே முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் பதினேழு பெயரையும் வாசித்து முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெற்றோர்கள் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது பேர் மரணம் வேண்டும் என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். மரண தண்டனைக்கு அன்று ஃபுளோரிடாவில் பன்னிரண்டு பேரும் ஒத்துப்போயாக வேண்டும்.

2018-இல் அவன் தரப்பே கொடுக்க முன்வந்து, அரசுத் தரப்பு வேண்டாம் என்று தள்ளிய அதே தண்டனை நான்கரை வருடம் கழித்து வந்து சேர்ந்தது. இடையில் சாட்சிக் கூண்டேறிய பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பிற்பகலை இன்னொரு முறை வாழ்ந்துவிட்டுப் போனார்கள். விசாரணையே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அது நடந்தே தீர வேண்டும் என்று நினைத்த குடும்பங்கள் நிறைய. ஆனால் அதற்கான விலையில் பெரும்பங்கு யார் தலையில் விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

நவம்பரில் இரண்டு நாள்

ஜூரி போன பிறகு ஒரு வாசல் திறக்கும். நீதிபதி தண்டனையை அறிவிப்பதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் வந்து பேசலாம். தண்டனை முடிவாகிவிட்டது, இனி யார் என்ன பேசினாலும் அது மாறாது. மாறாது என்பதால்தானோ என்னவோ, முதல் முறையாக அவர்கள் சுதந்திரமாகப் பேசினார்கள். ஜூரி முன்னால் பேசியபோது அவனைத் திட்டக்கூடாது, தண்டனையைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. நவம்பர் 1, 2 ஆகிய இரு நாட்களில் அது இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், ஆசிரியர், காயம்பட்ட மாணவர் என்று வரிசையாக வந்து நேருக்கு நேர் நின்று சொன்னார்கள். அவனுடைய வழக்கறிஞர்களையும் சிலர் விடவில்லை. அது வரம்பு மீறுகிறது என்று அவர்கள் நீதிபதியிடம் முறையிட்டார்கள்.

படம் போய்ச் சேரும் இடம் இதுதான். ஃபுவெண்டெஸ் அவனைப் பார்த்து, அன்று நீயும் நானும் பிள்ளைகள்தான் என்று ஆரம்பிக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் ஹோலோகாஸ்ட் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தாயே என்கிறார். ரத்தம் வழிந்த என் முகத்தை நினைவிருக்கிறதா, நம் கண்கள் சந்தித்தன என்று சத்தியமாக நினைக்கிறேன் என்று கேட்கிறார். அந்தத் துப்பாக்கி இல்லாவிட்டால் நீ ஒன்றுமே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். சாட்சிக் கூண்டில் 'எங்கே பட்டது' என்ற கேள்விக்குப் பதில் சொன்னவருக்கும் இப்படிப் பேசியவருக்கும் உள்ள தூரம்தான் இந்தப் படம் என்று சொல்வேன். இந்த உரையை நாட்குறிப்பிலிருந்து அவர் திரட்டி எடுப்பதைப் படம் காட்டுவதால், அது திடீர் ஆவேசமாகத் தெரியவில்லை. எழுதி, அடித்து, மறுபடி எழுதிய சொற்களாகத் தெரிகிறது.

நீதிபதி எலிசபெத் ஷெரர் 34 ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தார். பரோல் கிடையாது. இந்த முறை காயம்பட்ட 17 பேர் பெயரும் வாசிக்கப்பட்டது. முதல் 17 குற்றச்சாட்டுகள் இறந்தவர்கள், 18 முதல் 34 வரை பிழைத்தவர்கள். ஒருவனுக்கு இருப்பது ஒரே ஆயுள், 34 ஆயுள் என்பது வெறும் சடங்கு என்று சொல்லலாம்தான். ஆனால் ஜூரியின் தாளில் இடமில்லாமல் போனவர்களுக்குத் தன் பெயரும் ஒரு தண்டனையும் சேர்த்து வாசிக்கப்படுவது இந்தச் சடங்கில்தான். நான் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

வெறுப்பைப் பற்றி ஒரு விஷயம்

அவனுடைய தோட்டாப் பெட்டிகளில் நாஜிக் கொடியில் இருக்கும் அந்தச் சாய்ந்த ஸ்வஸ்திகா கீறப்பட்டிருந்தது. கீறியவன் எட்டிப் பார்த்த கதவுகளில் ஒன்று ஹோலோகாஸ்ட் வகுப்பு. இறந்தவர்களில் ஐந்து பேர் யூதர்கள். ஆனாலும் அவன் அந்த வகுப்பைத் தேடி வந்தான் என்று சொல்ல முடியாது. கண்ணாடியில் யார் தெரிந்தார்களோ அவர்களைச் சுட்டான். இதனால் நீதிமன்றத்தில் ஸ்வஸ்திகா ஒரு தொல்லையாகிவிட்டது. ஜூரியின் மனத்தைக் கெடுக்கும், வழக்குக்குத் தொடர்பில்லை என்று அவன் தரப்பு எதிர்த்தது.

சட்டத்துக்குத் தொடர்பு வேண்டும், நோக்கம் வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அப்படியில்லை. வெறுப்பு எப்படி வளர்ந்து கொலையாகிறது என்று படித்துக்கொண்டிருந்த அறையிலேயே அந்தச் சின்னத்தோடு குண்டு வந்து பாய்ந்தால், அதைத் தற்செயல் என்று ஒதுக்க ஃபுவெண்டெஸால் முடியவில்லை. படம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்ததுதான் அதன் பலம். நான் ஏன் அவனை வெறுக்கிறேன், அவன் சாக வேண்டும் என்று நினைக்கிறேனா, அப்படி நினைத்தால் நான் யார் என்று தனக்குள்ளேயே சண்டை போடுகிறார். மரண தண்டனை எதிர்ப்பாளர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் கொடியாகப் பிடித்துக்கொள்ள வசதியான பதில் இதில் கிடைக்காது.

குறையும் உண்டு. கேமரா ஒருவரோடு மட்டும் நெருக்கமாகப் போவதால், மரணம் வேண்டாம் என்ற அந்த மூன்று ஜூரிகளுக்கு இந்தப் படத்தில் இடமில்லை. அவர்கள் பிறகு ஊரில் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. பிழைத்தவரின் பார்வைக்குப் பக்கத்தில் அவர்களையும் வைத்திருந்தால், நீதி என்ற சொல் இன்னும் கனத்திருக்கும். கவிதை மொழி சில இடங்களில் ஒரு சுற்று அதிகம் என்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சுடப்பட்டவர் தன் சொற்களில் சொல்லும் படத்தில், சொற்களைக் குறைத்துக்கொள் என்று சொல்லும் உரிமை விமர்சகனுக்கு எவ்வளவு என்று தெரியவில்லை.

2025 ஆஸ்கரில் குறு ஆவணப்படப் பிரிவில் இது இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த வருடப் பட்டியலே ஒரு வேடிக்கை: ஐந்தில் ஒன்று டெக்சாஸ் மரண தண்டனைக் கைதி பற்றி, இன்னொன்று சிகாகோவில் போலீஸ் சுட்டுக் கொன்றவர் பற்றி, மூன்றாவது இது. விருது போனதோ நியூயார்க் இசைக்குழுவில் வாசித்த ஒரு பெண் கலைஞரைப் பற்றிய படத்துக்கு.

பிறகு நடந்தவை

தீர்ப்பால் கொதித்துப்போன ஃபுளோரிடா, 2023 ஏப்ரலில் சட்டத்தை மாற்றியது. இப்போது 12-இல் 8 பேர் சொன்னால் மரண தண்டனைக்குப் போதும். பார்க்லாந்து பெயரைச் சொல்லித்தான் மாற்றினார்கள். பார்க்லாந்து வழக்கு மறுபடி நடக்கப்போவதில்லை. அந்தச் சட்டம் இனி வரும் வேறு யாருக்கோ. அதே ஆண்டு, விசாரணையை நடத்திய விதத்துக்காக நீதிபதி ஷெரரை மாநில உச்ச நீதிமன்றம் பகிரங்கமாகக் கண்டித்தது. 12-ஆம் கட்டடத்தை 2024 ஜூன் 14 அன்று இடிக்கத் தொடங்கினார்கள்.

அதே ஜூன் மாதம் இன்னொன்றும் நடந்தது, ஆவணப்படம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது. காயம்பட்டவர்களிலேயே அதிகம் காயம்பட்டவர், ஐந்து குண்டு வாங்கிப் பிழைத்த ஒரு மாணவர், சுட்டவன்மீது சிவில் வழக்குப் போட்டிருந்தார். சமரசத்தில் அவர் பணம் கேட்டதைவிட முக்கியமாக வேறொன்றைக் கேட்டு வாங்கினார்: அவனுடைய பெயரின் மேல் உரிமை. இந்த மாணவரின் அனுமதி இல்லாமல் அவன் எந்தப் பேட்டியும் கொடுக்க முடியாது, அவன் பெயரைப் படத்துக்கோ தொடருக்கோ விற்க முடியாது. சிறைக்குள் போய் அவனைப் பேசவைத்து ஒரு படம் எடுக்கலாம் என்று இனி யாருக்காவது தோன்றினால், முதலில் இந்த மாணவரின் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.